புகை அடுப்பைப் பரணில் ஏற்றாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

நெல்லிக்குப்பத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில் வேலைதான் பிழைப்பு. கடந்த ஒன்றரை ஆண்டில் காயலான் கடைக்குப் போகிற வழியில் என் பட்டறையில் இறங்கிய கேசிஃபையர் அடுப்புகள், அதாவது கட்டையை வாயுவாக்கி எரிக்கிற அடுப்புகள், மட்டும் ஏழு. ஏழுக்கும் ஒரே புகார்: புகைகிறது. அவற்றில் ஐந்து இன்று நன்றாக எரிகின்றன. புதிதாக எதையும் நான் கண்டுபிடித்துவிடவில்லை. காற்று போகிற வழியைக் கொஞ்சம் அடைத்தேன், அவ்வளவுதான்.

முதலில் வந்தது என் கொழுந்தியாள் வீட்டு அடுப்பு. திருப்பாதிரிப்புலியூரில் மாலை நேரத்தில் பஜ்ஜிக் கடை போடுகிறாள். ஒரு கண்காட்சியில் வாங்கினாளாம். விற்றவர் பெயர் வேண்டாம். “மாமா, இது அடுப்பா, கொசு விரட்டுகிற புகைச்சட்டியா?” என்று ஆட்டோவிலிருந்து இறக்கி வைத்தாள்.

எட்டு அங்குல விட்டம், ஓரடி உயரம், இரட்டைத் தகடு. நல்ல வேலைப்பாடுதான். ஆனால் அடியில் காற்று நுழைகிற வாசல் நான்கு அங்குல அகலம், அதற்குக் கதவே கிடையாது. விறகடுப்பில் கட்டையே எரிகிறது. இந்த அடுப்பில் அப்படியில்லை. மேலே பற்றவைத்த நெருப்பு மெல்லக் கீழே இறங்க இறங்க, அந்தச் சூட்டில் கட்டை வாயுவாக மாறி மேலே வருகிறது. மேல்விளிம்புத் துளைகளில் வரும் காற்றோடு கலந்து அங்கேதான் எரிகிறது. கீழ்க்காற்று அதிகமானால் வாயு அளவுக்கு மீறி உண்டாகும். அத்தனையையும் எரிக்க மேல்காற்று போதாது. எரியாமல் மிஞ்சுவதுதான் கண்ணைக் கரிக்கிற அந்தப் புகை.

பால்பவுடர் டப்பா மூடி ஒன்றை வெட்டி, ஒரே ரிவெட்டில் வாசலின் மேல் தொங்கவிட்டேன், கடிகார முள் போலத் தள்ளி மூடுவதற்கு. பற்றவைக்கும்போது முழுக்கத் திறப்பு, தீ பிடித்ததும் கால்வாசி. புகை பாதி அடங்கியது.

மீதிப் பாதி இடுக்கில் இருந்தது. அடுப்பு எரியும்போது ஊதுபத்தியைக் கொளுத்தி அடிப்பக்க இணைப்பைச் சுற்றி மெதுவாகக் கொண்டு போனேன். ஓரிடத்தில் ஊதுபத்திப் புகை நூல் போல வளைந்து உள்ளே ஓடியது. நகம் நுழையாத இடுக்கு! புற்றுமண்ணையும் உமிச்சாம்பலையும் சரிபாதியாகப் பிசைந்து பூசி இரண்டு நாள் காயவிட்டேன். வெடித்த இடத்தில் மறுபடி ஒரு பூச்சு. ஒன்று சொல்ல வேண்டும்: இரண்டு தகடுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை அடைத்துவிடக் கூடாது. சூடு நிற்கட்டும் என்று ஒருவர் அதில் சாம்பலைத் திணித்துக் கொண்டுவந்தார். மேல்காற்று சூடேறிப் போகிற வழியே அதுதான்.

அடுத்தது வாய்க்கு ஒரு வளையம். வட்டத் தகட்டின் நடுவில் துளை போட்டு மேலே வைத்தால் வாயுவும் காற்றும் ஒடுங்கி நன்றாகக் கலக்கின்றன. முதலில் ஆசைப்பட்டு மூன்றரை அங்குலத் துளை போட்டேன். தீ மூச்சுத் திணறி, பக்கத்துத் துளைகள் வழியே வாயு வெளியே வந்தது. என் புருவமும் கொஞ்சம் போனது. ஐந்து அங்குலமாகப் பெரிதாக்கியதும் தீ சீராக நிமிர்ந்தது. பாத்திரத்தை வளையத்தின் மேலேயே உட்காரவைக்காமல், மூன்று கம்பித் துண்டுகளை வெல்டிங் செய்து ஓர் அங்குலம் தூக்கி நிறுத்துங்கள். மொத்தச் செலவு ஒரு பஜ்ஜித் தட்டுக்கு ஆகிற காசுதான்.

ஈர விறகுக்கு மட்டும் என்னிடம் மருந்து இல்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்த பிறகு, பண்ருட்டிப் பக்கம் சாய்ந்து கிடந்த முந்திரிக் கட்டையைப் பச்சையாக வெட்டிவந்து, பெயின்ட் டப்பாவில் நானே செய்த அடுப்பில் போட்டேன். கட்டை முனையில் நுரை தள்ளியதே தவிர அரிசி வேகவில்லை. கட்டைவிரல் கனத்தில் சவுக்கு மிலாற்றை, அதாவது சிறு கிளைகளை, வெட்டி நன்றாக வெயிலில் காயவைத்துப் போடுங்கள். உடைத்த கொட்டாங்குச்சியும் நன்று. தூள் வேண்டாம், காற்றோட்டத்தை அடைக்கும். மேலே ஒரு பிடி சவுக்குச் சருகு வைத்து அங்கே பற்றவைக்க வேண்டும். பழக்கத்தில் அடியில் கொளுத்துகிறார்கள், பிறகு அடுப்பைத் திட்டுகிறார்கள். முந்திரி ஓடு சும்மா கிடைக்கிறதே என்று அள்ளிப் போடாதீர்கள். அதன் எண்ணெய் பட்டால் தோல் கொப்பளித்துவிடும், புகையும் பொல்லாதது.

இரண்டு கிலோ மிலாறு ஒன்றேகால் மணி நேரம் எரிகிறது. தீ குட்டையாகி நீலமாக மாறினால் உள்ளே கரி மட்டும்தான் மிச்சம் என்று பொருள். அப்போதே தகரத்தில் கொட்டி இறுக மூடிவிட்டால் முந்நூறு கிராம் கரியாவது தேறும், அடிச் சல்லடையும் ஓட்டையாகாது. எங்கள் தெருவில் இஸ்திரி போடுபவர் அதை வாங்கிக்கொள்கிறார். இந்தக் கனலிலிருந்தும், எரியாமல் தப்புகிற வாயுவிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, மணமில்லை, ஆளைக் கொல்லும். மழைக்காலத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இந்த அடுப்பை மூட்டவே கூடாது. நான் வாசலில் வைத்துத்தான் மூட்டுகிறேன்.

இதெல்லாம் ஏதோ புதுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்காக ஒன்று: இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பட்டபோது நம் ஊர்களில் கரியைக் கனலவைத்து வரும் வாயுவில் பஸ் ஓடியது, கரிவாயு பஸ் என்பார்கள். கண்டக்டர் பின்னால் நின்று கைப்பிடியைச் சுற்றிக் கனலை ஊதுவார், கடலூர் கேப்பர் மலை ஏற்றம் வந்தால் சனங்கள் இறங்கித் தள்ளுவார்கள் என்று என் அப்பா சொல்வார்.

மாவட்டத்து ஐ.டி.ஐ.களில் வெல்டிங் படிக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி வேலையாக இந்த மூடியையும் வளையத்தையும் கொடுக்கலாம். ஒரு பிற்பகலில் முடிகிற வேலை. அடுப்புச் செய்து விற்பவர்களிடமும் ஒரு கேள்வி: அவ்வளவு பெரிய வாசலை வெட்டும்போது விழுகிற தகட்டுத் துண்டையே ரிவெட் அடித்துக் கதவாக்கித் தந்தால் என்ன?

இப்படிக்கு,
வெல்டிங் பட்டறைக்காரர்,
நெல்லிக்குப்பம், கடலூர் மாவட்டம்.