தாரை வார்க்கத் தாயின் கை ஆகாதா?

மதிப்பிற்குரிய கோயில் கமிட்டிப் பெரியவர்களுக்கு வணக்கம்.

போன தையில் நம் மண்டபத்தில் நடந்த என் மூத்த மகள் கல்யாணம் உங்களுக்கு மறந்திருக்காது. தாலியறுத்தவள் தாரை வார்க்கக் கூடாது, ஆண் கை வேண்டும் என்று நீங்கள் சொன்னதும்தான்.

மகனை வரவழைக்கச் சொன்னீர்கள். 2024 பிப்ரவரியில் இங்கே பர்மாவில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலாக்கினார்களே, 18 வயதுக்கும் 35 வயதுக்கும் நடுவில் ஆண்பிள்ளை வைத்திருந்த எந்த வீட்டில் நிம்மதி இருந்தது? அவன் தாய்லாந்தில் இருக்கிறான். உங்கள் பிள்ளைகள் எங்கே என்று நானும் கேட்கவில்லை.

கடைசியில் மௌல்மீனிலிருந்து கொழுந்தனாரை அழைத்தோம். என் வீட்டுக்காரர் போய்ப் பதினோரு வருடமாக எட்டிப் பார்க்காதவர். பஸ் செலவு, வேட்டி சட்டை எல்லாம் நான்தான் கொடுத்தேன். தாரை வார்க்கும் சொம்பைக் கையில் வாங்கினார். "பெண்ணின் பெயர்?" என்றார் ஐயர். மனிதர் திருதிருவென்று விழித்தார். தூணுக்குப் பின்னால் வெற்றிலைத் தட்டோடு நின்ற என்னைத் தேடிப் பார்த்தார். நான் சத்தம் வராமல் உதட்டை அசைத்துச் சொன்னேன். சபையில் யாரோ சிரித்தார்கள். என் மகள் குனிந்த தலை நிமிரவில்லை.

எங்கள் தெருப் பர்மியப் பாட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரும் கணவரை இழந்தவர்தான். "பெற்றவள் நீ, ஏன் அங்கே போய் நின்றாய்?" என்று பந்தியில் கேட்டார். இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

ஆடிக் கஞ்சிக்கு அரிசி களைய இந்தக் கை ஆகிறது. தீமிதி அன்னதானத்துக்குக் காய் நறுக்க ஆகிறது. நன்கொடை கொடுக்கும்போதும் யாரும் தீட்டு பார்த்ததில்லை. சொம்பு மட்டும் ஆகாது. சம்பிரதாயம் என்கிறீர்கள், சரி. திருவிழா ராத்திரி ஜெனரேட்டர் போட்டு விடிய விடிய சினிமாப் பாட்டு அலற விட்டீர்களே, அது எந்த ஆகமத்தில் வருகிறது? கும்பிடுவது அம்மனை, பெரியவர்களே.

1964க்குப் பிறகு நம் ஜனங்கள் ஊரே காலியாவது போல இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனபோது, மிஞ்சிய நம்மைக் கோயில்தான் சேர்த்து வைத்தது. அதனால்தான் வேறு மண்டபம் தேடாமல் உங்களிடம் வந்தேன். தமிழ்நாட்டில் 1967லேயே ஐயர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் செய்துவிட்டார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ஐயர் இருக்கட்டும், மந்திரமும் இருக்கட்டும். சொம்பைத் தாயிடம் கொடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், இளையவளுக்கும் வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தகப்பன் இல்லாத பெண்ணுக்குத் தாயே தாரை வார்க்கலாம் என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எழுதித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கொழுந்தனாருக்கு இவள் பெயரும் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் அன்னதானக் கூடத்தில் காய் நறுக்கும் ஒருத்தி,
யாங்கோன்