முளைகட்டிய நெல்லுக்கு மின்னல் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

விதைக்குப் பிளாஸ்மா பாய்ச்சி முளைதிறனைக் கூட்டலாம் என்று கடந்த வார விவசாயப் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை வியப்பாக இருந்தது. இரண்டாம் தடவை எரிச்சல் வந்தது. இனி உரமும் மருந்தும் தேவைப்படாது என்ற தோரணையில் அதை முடித்திருந்ததுதான் காரணம். 2021 இல் இலங்கை அரசு ஒரு வர்த்தமானியோடு இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோதும் இப்படித்தான் பேசினார்கள். அந்தப் பெரும்போகத்தில் எங்கள் வட்டை (வயல்வெளி) மஞ்சளித்துக் கிடந்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிளாஸ்மா ஒன்றும் புதுப் பூதம் அல்ல. டியூப் லைட்டுக்குள் ஒளிர்வதும் ஐப்பசி வானத்தைக் கிழிக்கும் மின்னலும் அதுதான். உயர் மின்னழுத்தத்தில் காற்றோ வேறு வாயுவோ இலத்திரன்கள் பிரிந்து மின்னேற்றம் பெற்ற துணிக்கைகளாகும் நிலை அது. விதைக்குப் பாய்ச்சுவது குளிர் பிளாஸ்மா, விதையை வேகவைக்காது. அதில் உண்டாகும் ஓசோனும் நைதரசன் ஒட்சைட்டுகளும் விதையின் மேற்பரப்பை நுண்ணளவில் அரிக்கின்றன. அங்கே ஒட்டியிருக்கும் பூஞ்சண வித்திகளையும் அழிக்கின்றன. இடி மழை பெய்தால் பயிர் ஒரு கறுப்புக் கறுக்கும் என்பார் என் அப்பா. மின்னல் காற்றின் நைதரசனை நைத்திரேற்றாக்கி மழையோடு இறக்குகிறது என்று படிக்கும் வரை அதை வெறும் வாய்ப்பேச்சு என்றே நினைத்திருந்தேன்.

காய்ந்த நெல்மணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தாமரை இலையில் நிற்பதுபோல உருண்டு நிற்கும். பிளாஸ்மா பட்ட உமியில் அதே சொட்டு படர்ந்து ஊறிவிடும். ஆய்வுகூடத் தட்டில் நெல் முந்தி முளைப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

என் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. நாங்கள் விதைநெல்லை மூடையோடு வாய்க்காலில் ஒரு பகலும் ஓர் இரவும் ஊறப் போடுகிறோம். பிறகு கரையேற்றிச் சாக்கால் மூடிப் பாரம் வைத்து, முளை வெடித்த பின்தான் சேற்றில் எறிகிறோம். ஒரு நாள் முழுக்க நீருக்குள் கிடக்கும் நெல் சில மணித்தியாலம் முந்தி ஊறுவதால் என்ன வந்துவிடப் போகிறது? மானாவாரிக் காணியில் புழுதி விதைப்புச் செய்கிறவர்களுக்கு வேண்டுமானால் பயன் இருக்கலாம். அங்கும் ஒரு சங்கடம் உண்டு. முதல் தூறலுக்கே அவசரப்பட்டு முளைத்த பயிர், அடுத்த பத்து நாள் வெயில் எறித்தால் என்ன ஆகும்?

இன்னொன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முளைக்கும் விதையில் இந்தக் கருவி கூட்டிக் காட்ட மிஞ்சியிருப்பது ஐந்துதான். எங்கள் வில்லங்கம் அந்த விதை அல்ல. போன போகம் அறுவடை நேரத்தில் மழை பட்ட நெல்லில் நூறு மணி எண்ணி எடுத்து, ஈரச் சாக்கில் சுருட்டி அடுப்படியில் வைத்தேன். ஐந்தாம் நாள் பிரித்தால் அறுபத்தெட்டு முளைத்திருந்தது. மிச்சத்தில் பாதிக்கு மேல் வெண்பூஞ்சணம் நூல்விட்டிருந்தது. சரி, காசு கொடுத்தே வாங்குவோம் என்று கடையொன்றில் வாங்கிய மூடையையும் அதேபோலச் சோதித்தேன். எழுபத்தாறு. இப்படி ஏமாந்து ஏமாந்துதான், ஏக்கருக்கு இரண்டு புசல் (நெல் அளக்கும் அளவு) விதை போதும் என்று விவசாயப் போதனாசிரியர் தலையிலடித்துச் சொன்னாலும் நாங்கள் மூன்று, மூன்றரை என்று எறிகிறோம். பூஞ்சணம் பிடித்த இந்த விதையைப் பிளாஸ்மா தேற்றுமா என்றுதான் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். செத்த விதையை எந்த மின்னலும் எழுப்பாது என்பது வேறு கதை.

அளவும் லேசான விடயம் அல்ல. சில விதைக்குச் சில வினாடி போதும், சிலவற்றுக்குச் சில நிமிடம் வேண்டும். கூடினால் முளைதிறன் ஏறுவதற்குப் பதிலாக இறங்கிவிடும். இனத்துக்கு இனம், விதையின் ஈரப்பதத்துக்கு ஈரப்பதம் அந்தக் கணக்கு மாறும். இதைச் சோதித்துப் பார்க்காமல் யாராவது ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கமநல சேவை நிலைய வாசலில் வைத்து மூடைக்கு இவ்வளவு என்று வசூலிக்கத் தொடங்கினால், அகப்படுவது நாங்கள்தான்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. கரடியனாற்றில் விவசாயப் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஒரே இன நெல்லைப் பாதி வெறும் ஊறல், பாதி பிளாஸ்மா என்று பிரித்து, ஒரே வயலில் இரண்டு போகம் விதைத்துப் பார்க்கட்டும். முளையை எண்ணி நிறுத்திவிடாமல், சூடடித்து நெல்லை நிறுத்துக் கணக்குச் சொல்லட்டும்.

இடம் இல்லை என்ற சாட்டு வேண்டாம். என் காணியில் அரை ஏக்கர் தருகிறேன். நவகிரி வாய்க்காலின் கடைக்கோடி, தண்ணீர் பிந்தித்தான் வரும். வரம்பு கட்டி, உழுது, மாடு இறங்காமல் பார்ப்பது என் பாடு. யானைக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

இப்படிக்கு,
படுவான்கரை விவசாயி ஒருவர்,
வெல்லாவெளி.