நோன்புக் காலத்து அடுப்படியிலிருந்து அம்மாவுக்கு

நிஷ்னி நோவ்கரத், ரஷ்யா,
மார்ச் மாதம்.

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நானும் உங்கள் மருமகனும் நலமாக இருக்கிறோம். போன வாரம் தொலைபேசியில் பேசியபோது, கறியும் மீனும் இல்லாமல் சாப்பாடே கிடையாத ஊரில், அதுவும் இந்தக் குளிரில், நான் எதைச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கவலைப்பட்டீர்கள். இரண்டு வரியில் பதில் சொல்லிவிட மனம் வரவில்லை. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கவலை தீரட்டும். இப்போது இங்கே ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு நடக்கிறது. நாற்பது நாளும், அதையடுத்து வரும் புனித வாரமும், நோன்பு நோற்பவர்கள் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடமாட்டார்கள். வேறு நோன்புகளையும், புதன், வெள்ளிக் கிழமைகளையும் சேர்த்தால், இவர்களுடைய திருச்சபை நாட்காட்டியில் ஆண்டில் ஏறத்தாழ 200 நாட்கள் விரத நாட்களே. எல்லாரும் கடைப்பிடிப்பதில்லை என்றாலும், நூற்றாண்டுக் கணக்கில் இருந்துவரும் வழக்கம் அது என்பதால், காய்கறியும் தானியமும் காளானும் மட்டும் கொண்டு சமைக்கிற ஒரு முழுச் சமையல் இங்கே உண்டு. சூரியகாந்தி எண்ணெயைப் பேச்சு வழக்கில் 'போஸ்நயே மாஸ்லா', அதாவது நோன்பு எண்ணெய் என்றே சொல்கிறார்கள்.

மாடி வீட்டுப் பாட்டிதான் எனக்கு ஆசான். நான் அவரைப் 'பாபுஷ்கா' என்று கூப்பிடுகிறேன். நம் ஊரில் அக்கம்பக்கத்து முதியவர்களைப் பாட்டி என்று அழைப்பது போலத்தான். அவரிடமிருந்து நான் முதலில் கற்றுக்கொண்ட சொல் 'க்வாசித்'. புளிக்க வைத்தல் என்று பொருள். ரொட்டியிலிருந்து எடுக்கும் 'க்வாஸ்' என்ற பானமும், மாவு புளிக்க வைக்கும் மரத்தொட்டியான 'க்வஷ்ன்யா'வும் இந்த வேரிலிருந்தே வந்தவை. நாம் புளிப்புக்குப் புளியைக் கரைக்கிறோம். புளியமரம் வளராத இந்த நாட்டில் மாவையும் முட்டைக்கோஸையும் காய்ந்த ரொட்டியையும் நாள் கணக்கில் வைத்திருந்துதான் அந்தச் சுவையைப் பெறுகிறார்கள். கோடையில் க்வாஸைக் குளிரக் குடித்தபோது, நீங்கள் சின்ன வெங்காயம் போட்டுத் தரும் நீராகாரம்தான் என் நினைவுக்கு வந்தது. அந்தக் க்வாஸையே வெள்ளரி, முள்ளங்கி, உருளைக்கிழங்குத் துண்டுகள் மேல் ஊற்றி, 'அக்ரோஷ்கா' என்ற குளிர்ந்த சூப்பாகவும் சாப்பிடுகிறார்கள்.

முட்டைக்கோஸைப் புளிக்க வைப்பது இலையுதிர் காலத்து வேலை. ஒரு கிலோ கோஸுக்கு ஏறத்தாழ 20 கிராம் கல்லுப்பு. நூல் போல அரிந்த கோஸையும் துருவிய கேரட்டையும் உப்புப் போட்டு, சாறு விடும் வரை கையால் பிசைய வேண்டும். பிறகு ஜாடியில் இறுக அமுக்கி, மேலே பாரம் வைத்து, மூன்று நான்கு நாட்கள் அடுப்படியில் விட்டுவிட வேண்டும். தினமும் ஒரு மரக்குச்சியை அடி வரை குத்தி எடுப்பது முக்கியம். குத்தியவுடன் குமிழ் குமிழாக வாயு வெளியேறுவதைக் கண்ணால் பார்க்கலாம். முதல் தடவை நான் இரண்டு நாட்கள் குத்த மறந்துபோனேன். ஜாடி முழுவதும் கசந்துவிட்டது, எல்லாவற்றையும் கொட்ட நேர்ந்தது. மிகவும் வருந்தினேன். மறுநாளே பாட்டி ஒரு கோஸுடன் வந்து, என் பக்கத்தில் நின்று மறுபடியும் செய்ய வைத்தார்.

இந்தக் கோஸை வேகவைத்தால் 'ஷ்ச்சீ' என்ற சூப். "ஷ்ச்சீயும் காஷாவும் எங்கள் உணவு" என்பது இவர்களுடைய பழமொழி. முதல் நாளை விட மறுநாள்தான் சுவை என்று பாட்டி அடித்துச் சொல்கிறார். வற்றல் குழம்பு வைக்கும் வீட்டில் பிறந்த எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முற்காலத்தில் பனிக்காலப் பயணத்துக்கு இதை உறைய வைத்து எடுத்துப்போய், வழியில் வெட்டியெடுத்து உருக்கிக் குடிப்பார்களாம்.

காஷா என்றால் தானியக் கஞ்சி, ஆனால் எல்லாம் நீர்க்கக் கரைந்தது அல்ல. 'கிரேச்கா' என்ற முக்கோண விதையில் செய்யும் காஷா உதிரி உதிரியாக இருக்கும். ஆங்கிலத்தில் 'பக்வீட்' என்று பெயர் இருந்தாலும், அது கோதுமை வகையே அல்ல. வெறும் வாணலியில் வாசனை வரும் வரை வறுத்து, ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் விட்டு, மூடி, கிளறாமல் வேகவிட வேண்டும். தண்ணீர் வற்றியதும் பாட்டி சட்டியைச் செய்தித்தாளில் சுற்றி, அதன் மேல் போர்வையைச் சுற்றி, தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறார்! அரை மணி நேரம் கழித்துத் திறந்தால், மண் மணமும் வறுத்த மணமும் கலந்த ஆவி எழும். நோன்பு இல்லாத நாளில் வெண்ணெய் தாராளமாகச் சேரும். வெண்ணெயால் காஷா கெடாது என்றும் ஒரு பழமொழி உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த சொல் 'தமீத்'. சுவர் போலப் பெரிய செங்கல் அடுப்பில் விறகு எரிந்து முடிந்த பின், தணலை ஒதுக்கிவிட்டு, மண்பானையை உள்ளே தள்ளி, வாயை மூடிவிடுவார்கள். சூடு மெல்ல மெல்லக் குறைய, உணவு கொதிக்காமலேயே இரவெல்லாம் வேகும். அந்தச் சமைக்கும் முறைதான் தமீத். அப்படி வைத்த பால் வெளிர்பழுப்பாகி, பாயசம் போல மணக்கும். பாட்டியின் கிராமத்து வீட்டில் அந்த அடுப்பு இருந்தது. இங்கே மின் அடுப்பில் அதே பக்குவம் வருவதில்லை என்று அவர் பெருமூச்சு விடுவார்.

நோன்புக்கு முந்தைய வாரம் 'மாஸ்லெனித்சா' திருவிழா. வீடு தோறும் 'பிளினி'. நம் தோசையைப் போல மெல்லியது, வெண்ணெய் தடவி, 'ஸ்மெத்தானா' என்ற புளித்த பாலேட்டுடன் சாப்பிடுவது. முதல் பிளின் கட்டியாகத்தான் வரும் என்று இங்கும் சொல்கிறார்கள்.

அம்மா, ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இங்கே 'பரதீன்ஸ்கி' என்று ஒரு கறுப்பு ரொட்டி உண்டு. கம்புப் பயிரை ஒத்ததோ என்று நினைத்துவிடாதீர்கள். 'ரை' என்ற குளிர்நாட்டுத் தானியத்தின் மாவில் செய்வது. வந்த முதல் மாதம், யாரையும் தெரியாத நாட்களில், அதை வாங்கிக் கடித்தேன். பல்லில் நறுக்கென்று ஏதோ உடைந்தது. கொத்தமல்லி விதை! அந்த ரொட்டியின் மேல் அதைத்தான் தூவுகிறார்கள். நீங்கள் சாம்பார்ப் பொடிக்கு மல்லி வறுக்கும் நாளின் வாசனை வாய் நிறைய வந்தது. நான் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

போன ஞாயிறு பாட்டி வெள்ளரிக்காய் உப்பிலிடக் கற்றுத்தந்தார். சதகுப்பைப் பூங்கொத்து, பூண்டு, காய் மொறுமொறுப்பாக இருக்க ஓக் மர இலை. ஊறிய உப்புநீரைக் கொட்டுவதில்லை. 'ரஸ்ஸோல்னிக்' என்ற சூப்பில் அதையே ஊற்றுகிறார்கள். மாவடுத் தண்ணீரை நாம் தயிர்சோற்றில் விட்டுக்கொள்வோம் என்று நான் சொன்னதும், மாவடு எப்படிப் போடுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். விளக்கெண்ணெய் தடவுவது வரை சொல்லிவிட்டேன், உப்பின் அளவுதான் எனக்குத் தெரியவில்லை. ஒரு படி வடுவுக்கு எவ்வளவு உப்பு, எத்தனை நாள் குலுக்கி வைக்க வேண்டும் என்று மறக்காமல் எழுதுங்கள். அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறார்.

அப்பாவுக்கு என் வணக்கம்.

அன்பு மகள்