அவனை அவளாக்காதீர்கள்

திருகோணமலையில் மறைந்த கவிஞர்களின் கையெழுத்துக் கொப்பிகளை நூலாக்கும் பதிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். ஆணொருவர் ஆணை நினைத்து எழுதிய காதல் கவிதை கொப்பிக்குள் அகப்பட்டால், குடும்ப மானம் என்று பேனாவைத் தூக்காதீர்கள். 'அவன்' 'அவள்' ஆவதற்கு ஓர் எழுத்துப் போதும். இரண்டும் நிரையசைதான், தளை தட்டாது. எதுகைக்கும் இரண்டாம் எழுத்துத்தானே கணக்கு, அதுவும் காட்டிக்கொடாது. பிடிபடுவது இயைபில், அதாவது அடிகளின் கடைசி ஒலி ஒன்றுவதில். 'கடல்முகத்தில் நின்றான்' என்ற அடிக்கு இணையடி 'கருக்கல் வான்' என்று முடிந்திருக்க, அச்சில் 'நின்றாள்' என்று வந்தால் காது இடறும். 'நீ' என்று விளித்த கவிதையில் பாலே தெரியாது. அதற்குத் 'தலைவிக்கு' என்று தலைப்பு வைப்பதும் திருத்தம்தான்.

தொம்மாசோ தே கவாலியேரி என்ற இளைஞரை நினைத்து இத்தாலியச் சிற்பி மைக்கலாஞ்சலோ எழுதிய கவிதைகளை, மைக்கலாஞ்சலோவின் சகோதரருடைய பேரன் 1623இல் பெண்பாலாக்கி அச்சிட்டார். மூலப்பாடம் வெளிவர 1863 ஆயிற்று. ஆங்கிலக் கவிஞர் ஹவுஸ்மனின் தம்பி லோரன்ஸ், அண்ணனின் கொப்பிகளை வெட்டித் தாள்களில் ஒட்டினார். பின்பக்க வரிகள் பசைக்குள் போயின. அதே லோரன்ஸ், அண்ணனின் காதல் பற்றிய கட்டுரையை 1942இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் 25 ஆண்டுத் தடையோடு ஒப்படைத்தார். 1967இல் அது வெளிவந்தது. வெட்டி ஒட்டியதை விடுங்கள், தடையோடு ஒப்படைத்ததைப் பின்பற்றலாம்.

தாளின் மூலையில் மென்பென்சிலால் இலக்கமிட்டு, வெற்றுப் பக்கம் உட்பட இருபுறமும் படமெடுங்கள். கவிஞர் கோடிட்டு வெட்டிய சொல்லை வெட்டியபடியே பெயர்த்தெழுதுங்கள். பெரும்பாலும் பெயர் அங்கேதான் இருக்கும். செலோரேப் வேண்டாம், பசை மஞ்சளித்துத் தாளில் கறையாக ஊறும். மாரிகாலத்தில் பொலித்தீன் பைக்குள் கட்டிவைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். அமிலமற்ற காகித உறையில் இட்டு, அலுமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

காதலிக்கப்பட்டவர் உயிரோடு இருக்கக்கூடும். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய, இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு 1995இல் திருத்தப்பட்டபோது, நீங்குவதற்குப் பதில் பெண்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. ஆகவே அவர் பெயருக்கு நூலில் ஓர் எழுத்து மட்டும் போடுங்கள். பெயரை மாற்றியதையும் முன்னுரையில் சொல்லிவிடுங்கள். முழுப்பெயரை எழுதி ஒட்டிய உறை இரண்டு, இரண்டு வேறு இடங்களில் இருக்கட்டும். எந்த ஆண்டில், யார் திறப்பது என்பது உறையின் மேலேயே இருக்க வேண்டும். 'பிறகு பார்ப்போம்' என்று எழுதிய உறை வீடு மாறும்போது அடுப்புக்குப் போய்விடும்.

இவ்வண்ணம்,
கையெழுத்துப் படி பார்க்கும் நண்பர்கள்