கமிட் ஆகாத கணக்கு

தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பா,

காசிமேட்டு ஐஸ் வியாபாரிக்காக நீ எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட், சர்வரை மாற்றி டேபிள்களைப் புதிதாக உருவாக்கியதிலிருந்து, பிழைச் செய்தி எதுவும் காட்டாமலே லோடுகளைப் பதியத் தவறுகிறது என்று எழுதியிருந்தாய். வரிசை சேர்க்கும் அதே இன்சர்ட் கட்டளையை மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் கட்டளைத் திரையில் கையால் தட்டினால் பதிவாகிறதே என்று நீ புலம்பியிருக்கும் வரியிலேயே விடை இருக்கிறது.

அந்தத் திரையில் ஒவ்வொரு கட்டளையும் முடிந்தவுடன் தானாகவே கமிட் ஆகிவிடும், அதாவது நிலையாகப் பதிந்துவிடும். பைத்தானின் டேட்டாபேஸ் நூலகங்களுக்குப் பொது விதியான பெப் 249-ஓ, ஆட்டோகமிட் என்ற இந்தத் தானியங்கி வசதி தொடக்கத்தில் அணைந்திருக்க வேண்டும் என்றும், கமிட் செய்யாமல் இணைப்பை மூடினால் எழுதியது ரோல்பேக் ஆகும், அதாவது எழுதாதது போல் நீங்கிவிடும் என்றும் சொல்கிறது. உன் பழைய டேபிள்கள் மைஐசாம் என்ற சேமிப்பு வகையாக இருந்திருக்கும். அதில், பல கட்டளைகளைக் கமிட் வரை ஒரே தொகுப்பாக வைத்திருக்கும் டிரான்ஸாக்‌ஷனே கிடையாது, எழுதியது எழுதியதுதான். மைஎஸ்க்யூஎல் 5.5 பதிப்பு முதல், அந்த வசதி உள்ள இன்னோடிபி இயல்பு வகையாகிவிட்டதால் குட்டு வெளிப்பட்டிருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஐடி எண்களைப் பார்: ரோல்பேக் ஆன வரிசைகளுக்குக் கொடுத்த, தானாக ஏறும் ஆட்டோ இன்கிரிமென்ட் எண்களை இன்னோடிபி திரும்பப் பெறுவதில்லை என்பதால், நடுவில் எண்கள் விட்டுப் போயிருக்கும்.

ராயபுரம் கிடங்கின் திரையில், அதை ஓட்டும் ஸ்கிரிப்டை மறுபடி தொடங்கும் வரை புதிய லோடு தெரிவதில்லை என்பதும் இதன் உடன்பிறப்புதான். ஆட்டோகமிட் அணைந்திருக்கும்போது தரவைப் படிக்க மட்டும் செய்யும் வெறும் செலக்ட் கட்டளை கூட டிரான்ஸாக்‌ஷனைத் திறந்துவிடும். இன்னோடிபியின் இயல்பு நிலையான ரிப்பீட்டபிள் ரீடில், முதல் செலக்ட் ஓடியபோது இருந்த நிலையையே, டிரான்ஸாக்‌ஷன் முடியும்வரை அடுத்தடுத்த செலக்ட்டுகளும் காட்டும். அந்த ஸ்கிரிப்டில் திரும்பத் திரும்ப ஓடும் லூப்பின் ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒரு கமிட் போடு; படிப்பதற்கு எதற்குக் கமிட் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். மணிக்கு ஒருமுறை ஸ்கிரிப்டைக் கொன்று எழுப்ப, நேரம் வைத்து வேலைகளை ஓட்டும் க்ரானைப் பயன்படுத்தும் யோசனை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, நோயை மறைக்கும் வேலை அது.

கிடங்கின் திரைக்கு மட்டுமானால் ஆட்டோகமிட்டை இயக்கிவிடலாம். லோடு பதியும் ஸ்கிரிப்டில் மட்டும் அதைச் செய்யாதே. அங்கே லோடு ஒரு டேபிளிலும் இருப்புக் குறைப்பு இன்னொன்றிலும் எழுதப்படுவதால், ஒன்று நின்று மற்றொன்று விழுந்தால் வியாபாரிக்குக் கணக்கு உதைக்கும். இரண்டையும் எழுதியபின் ஒரே கமிட், தவறினால் ரோல்பேக், பதிவானது என்ற செய்தி அதற்குப் பிறகுதான்.

போன வரிசைகள் டேட்டாபேஸிலிருந்து திரும்பாது. விட்டுப்போன எண்களுக்கு முன்னும் பின்னும் உள்ள தேதிகளைக் குறித்துக்கொண்டு, பில் புத்தகத்தின் அடிக்கட்டையோடு ஒப்பிட்டுக் கையால் ஏற்றிவிடு.

அன்புடன்,
உன் நண்பன்