மகளுக்கு அடுத்தது எப்போ?

கொக்குவில், யாழ்ப்பாணம்

அன்பின் சாந்தி,

கடிதம் கிடைத்தது. முழங்கால் நோவு குறைந்துவிட்டதா? இங்கே எல்லாரும் சுகம். மதில் கட்டி முடிந்தது. கிணறு இன்னும் இறைக்கவில்லை.

'மகளுக்கு அடுத்தது எப்போ?' என்று நீயும் கேட்டுவிட்டாய். கோயில் வீதியிலும் மறித்துக் கேட்கிறார்கள். அவள் ஒரு பிள்ளையோடு சரி என்கிறாள். மருமகனும் அதே கதை.

காசு பாதிக் காரணம். 2021இல் 400 ரூபாய்க்குள் வாங்கிய 400 கிராம் பால்மா அடுத்த வருடமே 1000ஐத் தாண்டியது. சம்பளம் அப்படியா தாண்டியது? பெரியாஸ்பத்திரியில் பேறு பார்க்கக் காசு வாங்குவதில்லை, மிட்வைஃப் வீடு தேடி வருகிறா, எல்லாம் உண்மை. செலவு பிறகுதான். பேரன் மூன்றாம் வகுப்பு, அதற்குள் ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் சோதனைக்கு ரியூசன்! (நாங்கள் ரியூசன் இல்லாமல்தானே எழுதினோம்?)

மற்றப் பாதி, பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. மகளுக்குக் கிடைத்த பேற்று லீவு 84 நாள். மருமகன் தனியார் கம்பனி. சட்டப்படி ஒரு நாளும் இல்லை. அரசாங்க வேலை என்றால் மூன்று நாளாவது கிடைத்திருக்கும். லீவு முடிந்த பிறகு பிள்ளையைப் பார்த்தது நான்தான். இனி ஒன்றைத் தூக்க என் இடுப்பு இடம் கொடாது.

உன் அம்மா ஏழு பேரை வளர்த்தா என்று எழுதியிருக்கிறாய். அந்த வளவில் அம்மம்மா, சித்திமார், பின்வீட்டு மாமி எல்லாரும் இருந்தார்களே! இப்போது எங்கள் ஒழுங்கையில் பாதி வீடு பூட்டு. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 எம்.பி., 2024இல் 6. வாக்காளர் தொகையைப் பார்த்துத்தானே எம்.பி. தருகிறார்கள்; போரும் வெளிநாடும் ஆட்களைத் தின்ற கணக்கு அது. பிள்ளை பார்க்க வேண்டிய சித்தியும் மாமியும் அதோடேதான் போனார்கள். இது எங்கள் ஊரோடு நிற்கவும் இல்லை. முழு இலங்கையிலும் 2020இல் மூன்று லட்சம் பிள்ளைகள் பிறந்தன, 2023இல் இரண்டரை லட்சமும் இல்லை.

கேட்கிற ஒருத்தராவது 'ஒரு பின்னேரம் நான் பார்க்கிறேன், நீ போய்ப் படு' என்று சொன்னதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கலியாணமாகி இன்னும் ஒன்றுமில்லை. 'விசேஷம் ஏதும் உண்டோ' என்று கேட்பார்களே என்று சாமத்திய வீடுகளுக்கே அவள் போவதில்லை. எனக்கு அதுதான் பெரிய எரிச்சல்.

அப்புறம், உன் மகளுக்கு அங்கே கனடாவில் அந்த நாளுக்கு 10 டொலர் டேகெயர்த் திட்டத்தில் பிள்ளைக்கு இடம் கிடைத்ததா, இன்னும் காத்திருக்கிறாளா? எழுது. மருமகனின் அண்ணன் அடுத்த மாதம் ஸ்காபுரோ வருகிறார். ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
மலர்