தோடியின் காந்தாரம்: மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமா,

உங்கள் வயலின் வாசிப்பை உங்களைக் கேட்காமல் சேர்த்து நான் வெளியிட்ட, நம்முடைய அந்தப் பதிவை இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன். அம்மா இதற்குள் உங்களிடம் சொல்லியிருப்பாள். இந்த முடிவுக்கு வர இத்தனை காலம் பிடித்ததற்கு என் பிடிவாதமே காரணம் என்று அவள் நினைக்கிறாள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை நேரில் சொல்ல நீங்கள் இடம் கொடுக்காததால் இங்கே எழுதுகிறேன். மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், நீங்கள் அதை வாசித்த அன்று அறையில் இருந்தவர்கள் யார் என்பதையும், அவர்களில் ஒருவர் பின்னால் உங்களைப் பற்றிச் சொன்னதையும் எழுதப்போவதில்லை.

அந்த இயந்திரத்தில் நான் என்ன செய்து வைத்திருந்தேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. கோர்க் நிறுவனத்தின் மோனோலாக் ஒரு நேரத்தில் ஒரே சுரத்தை ஒலிக்கும் சிறிய சின்தசைசர். அதற்குள்ளேயே, சுரங்களை வரிசையாக நினைவில் வைத்துத் திரும்பத் திரும்ப வாசிக்கும், 16 படிகள் கொண்ட சீக்வென்சர் இருக்கிறது. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில் எட்டு அட்சரங்கள், அட்சரத்துக்கு நான்கு வீதம் 32 மாத்திரைகள் என்பதால் இரண்டு சுற்றுகளில் அது சரியாக அடங்கிவிடும். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளம் வேண்டுமென்றால் இரண்டு படிகளை அணைத்து 14 ஆக்கிக்கொள்ளலாம். பியானோவின் சம இடைவெளிகளை விட்டு விலகி, சுரத்தானங்களைச் சென்ட் கணக்கில், அதாவது அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு அளவில், நகர்த்தவும் அதில் வழியுண்டு. (அந்த வசதியை உருவாக்குவதில் ஏஃபெக்ஸ் ட்வின் என்ற பெயரில் இசையமைக்கும் பிரிட்டிஷ்காரருக்குப் பங்கு உண்டு என்று சொன்னால், அதனால் என்ன என்றுதான் கேட்பீர்கள்.)

தோடி ராகத்தின் காந்தார சுரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டிருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். கணக்கில் பார்த்தால் சாதாரண காந்தாரத்துக்குக் கீழே இரண்டு அரைச்சுரம் தள்ளிச் சுத்த ரிஷபம், மேலே இரண்டு அரைச்சுரம் தள்ளிச் சுத்த மத்தியமம். மிடி என்ற பொது இணைப்பு முறையில் இயங்கும் மின்னணுக் கருவிகளில் சுருதியை வளைக்கும் சக்கரத்துக்கு வழக்கமாக வைத்திருக்கும் எல்லையும் மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம்தான் என்பதைக் கவனித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கோ யாரோ வேறெதற்கோ வைத்த அளவு நம் தோடிக்குப் பொருந்துகிறதே என்ற பூரிப்பு. மோனோலாக்கின் எல்.எஃப்.ஓ.வில், அதாவது காதுக்கு நேரடியாகக் கேட்காத மெதுவான அலையில், முக்கோண வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, அது சுருதியை அந்த எல்லைக்குள் ஏற்றி இறக்கும்படி அமைத்தேன். உங்களுக்குப் போட்டுக் காட்டியது அதைத்தான்.

நீங்கள் முழுவதும் கேட்டீர்கள். பிறகு, “காந்தாரத்தை மட்டும் போடு” என்றீர்கள். மற்றப் படிகளையெல்லாம் அணைத்தேன். பெட்டியைத் திறந்து வயலினை எடுத்து, சுருதியை ஒரு முறை சரிபார்த்துவிட்டு, இயந்திரம் வாசித்ததை அப்படியே வாசித்தீர்கள். அதே வேகம், அதே அகலம், ஏற்றமும் இறக்கமும் ஒன்றுபோல. வில் ஒரே அழுத்தத்தில் போய்க்கொண்டிருந்தது. உங்கள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. முதலில் சிரித்தவர் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீங்கள் நிறுத்தவில்லை, மாமா. சிரிப்பு அடங்கிய பிறகும் வாசித்துக்கொண்டே இருந்தீர்கள். அப்போது என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வைக்கு இன்றுவரை எனக்குப் பொருள் விளங்கவில்லை.

மைக் திறந்திருந்தது உங்களுக்குத் தெரியும் என்றே இப்போதும் நினைக்கிறேன். வாழ்நாளெல்லாம் ஒலிப்பதிவுக்கூடங்களில் வாசித்தவர் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. இருந்தாலும் நான் உங்களைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் மறுப்பீர்கள் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் நாலு பேர் முன்னால் என்னைச் சிறுமைப்படுத்துவதற்காக வாசித்ததை, பிறகு உங்கள் கலை என்று உரிமை கொண்டாடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த வாசிப்பைக் கணினியில் போட்டுச் சுருதியின் கோட்டை வரைந்து பார்த்தேன். இயந்திரத்தின் கோடு வரிசையாக நிற்கும் முக்கோணங்களைப் போல ஒரே சீராக இருந்தது. உங்கள் கோட்டில் எந்த இரண்டு அசைவும் ஒன்றாக இல்லை. ரிஷபத்தின் பக்கம் விரல் ஒரு நூல் கூடுதலாகத் தங்குகிறது, சில இடங்களில் மத்தியமத்தைத் தொடாமலே திரும்பிவிடுகிறது. இயந்திரமாக நடிக்க முயன்று தோற்றிருக்கிறீர்கள். எந்தக் கச்சேரியிலும் நீங்கள் இவ்வளவு நன்றாக வாசித்து நான் கேட்டதில்லை. அதனால்தான் அதை எடுத்து, துண்டுகளாக வெட்டி, பதிந்த ஒலிகளைச் சுரங்களாக வாசிக்கும் சாம்ப்ளரில் ஏற்றினேன்.

பின்னணி இசைக்கு வரிசை வரிசையாக வயலின்கள் உட்கார்ந்த காலம் போய், ஒரு கீபோர்டும் சாம்ப்ளரும் போதும் என்று ஆனபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். 1983இல் மிடி வந்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அந்த ஆண்டுகளில் உங்களுக்கு வரவேண்டியிருந்த தொகையைப் பற்றி இங்கே எதுவும் எழுதமாட்டேன். ஆனால் அந்தக் கணக்கை என்னிடம் தீர்க்காதீர்கள். 1982இல் ரோலண்டின் டிபி-303 பேஸ் இயந்திரத்தையும் டிஆர்-808 டிரம் மெஷினையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்த சரண்ஜித் சிங், பம்பாய்ப் பட இசைக்குழுக்களில் உங்களைப் போலவே வாசித்துப் பிழைத்தவர். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி 303இல் இருந்தது. ராகத்துக்கு அது உதவும் என்று அவர் கண்டுகொண்டார். அன்று அது விற்கவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் கேட்டது. அவருடைய இசைத்தட்டை உங்களுக்கு அனுப்பினேன். பிரிக்காமலே திரும்பி வந்தது.

ஒரு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. அடிக்கு ஐந்தாகப் போகும் கண்ட நடை தடுக்குகிறது என்றீர்கள். எனக்கு அன்று கோபம் வந்தது. கருவிகள் ஒன்றோடொன்று காலப்பிரமாணத்தைப் பகிர்ந்துகொள்ள மிடியில் ஓர் அடிக்கு 24 துடிப்புகள். 24ஐ மூன்றாலும் நான்காலும் வகுக்கலாம். ஐந்தாலும் ஏழாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது. டிரம் மெஷின் அடிக்கு நான்காகச் சதுஸ்ர நடையில் போக, அந்தத் துடிப்புகளை எண்ணியே அடிக்கு ஐந்து படிகள் நகர வேண்டுமென்றால் அவை சமமாக விழாது. மிகச் சிறிய அந்தப் பிசகை உங்கள் காது பிடித்ததை நான் ஒப்புக்கொள்ளாமல் விட்டது அற்பத்தனம்தான்.

புதிய பதிவில் உங்கள் வயலின் ஒரு நொடிகூட இல்லை. காந்தாரத்தை மறுபடியும் மோனோலாக்கிலேயே அமைத்தேன், ஆனால் எல்.எஃப்.ஓ.வை அதன் போக்கில் ஓடவிடவில்லை. குமிழைக் கையால் திருகத் திருக, அந்த அசைவுகளையே சீக்வென்சர் நினைவில் வைத்துக்கொண்டு திருப்பிச் செய்யும். அப்படி அதன் வேகத்தையும் அகலத்தையும் உங்கள் கோட்டைப் பார்த்துப் பார்த்துப் பழகிப் பதிந்தேன். இதையும் திருட்டு என்பீர்களா? விரல் பிடித்துக் கற்றுக்கொடுத்ததைத் திரும்பச் செய்வது திருட்டு என்றால், உங்கள் சீடர்கள் எல்லோரும் திருடர்கள்தான்.

பழைய பதிவின் மூலக்கோப்பைப் பென்டிரைவில் போட்டு அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். என்னிடம் வேறு பிரதி இல்லை. அதனால் வந்த பணத்தில் உங்கள் பங்கும் அவளிடம்தான் இருக்கிறது. பெரிய தொகை அல்ல, அதற்காக என்னைத் திட்டவேண்டாம். புதியது வெள்ளிக்கிழமை வெளிவருகிறது. காந்தாரம் இன்னும் சரியில்லை என்று தோன்றினால், தயவுசெய்து அம்மா மூலமாகச் சொல்லி அனுப்பாமல், நீங்களே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகன்